தெரியும் பக்கம்: உருள்திரையில் அதைக் கண்டறியும் முறை

கைப்பேசிச் செயலியில் விரலால் தள்ளிப் பக்கம் மாற்றும்போது, பயனர் இப்போது எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார் என்று செயலி முடிவு செய்யும் முறை. பக்கங்கள் எல்லாம் ஒரே நீளப் பட்டையாக ஒட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் கிடக்கின்றன. பட்டை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்ற ஓர் எண் மட்டுமே கருவிக்குத் தெரியும். பக்க எண்ணை அதிலிருந்து கணக்கிட்டுத்தான் எடுக்க வேண்டும். திரையின் அடியில் உள்ள புள்ளிகளில் எது ஒளிர வேண்டும், மேலே எந்தத் தலைப்பு வர வேண்டும், பார்வையற்றவருக்குக் குரல் எதைப் படிக்க வேண்டும் என்பதெல்லாம் இந்தக் கணக்கைச் சார்ந்தவை.

ஓலைச்சுவடியில் இந்தச் சிக்கல் எழவில்லை. ஏட்டின் ஓரத்தில் தமிழ் எண்ணில் ஏட்டெண் இருக்கும். கையில் புரண்ட ஏடு எதுவோ அதுவே பக்கம். 1970களில் செராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் வளர்ந்த உருள்பட்டையும் ஆவணத்தில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதைக் காட்டியதோடு நின்றது. விரலால் தள்ளும்போது இரண்டு பக்கங்கள் பாதி பாதியாகத் தெரிவது தொடுதிரை வந்த பிறகு அன்றாட நிகழ்வானது.

பாதி விதி

ஐபோன் 2007 ஜூனில் விற்பனைக்கு வந்தது. 2008 ஜனவரியில் வந்த மென்பொருள் பதிப்பில் முகப்புத் திரையைப் பல பக்கங்களாக விரிக்க முடிந்தது. அடியில் புள்ளிகள் வரிசையாக நின்றன. அதே ஆண்டு மார்ச்சில் ஆப்பிள் வெளியார்க்கும் நிரலாக்கக் கருவிகளைத் திறந்துவிட்டது. பக்கம் பக்கமாக நின்று நகரும் உருள்திரைக்கு ஆப்பிள் தந்த மாதிரி நிரலில் ஒரே வரியில் ஒரு கணக்கு இருந்தது. நகர்ந்த தூரத்திலிருந்து பக்க அகலத்தில் பாதியைக் கழிக்க வேண்டும். மீதியை அகலத்தால் வகுக்க வேண்டும். பின்னத்தை விட்டுவிட்டுக் கீழுள்ள முழு எண்ணை எடுத்து, ஒன்றைக் கூட்ட வேண்டும்.

அன்றைய ஐபோன் திரையின் அகலம் 320 பிக்சல். பட்டை 500 நகர்ந்திருந்தால், 160 கழிய 340. அதை 320ஆல் வகுத்தால் ஒன்றுக்குச் சற்று மேல். முழு எண் 1, கூட்டினால் 2. நிரலில் பக்கங்களைச் சுழியத்திலிருந்து எண்ணுவது வழக்கம் என்பதால் அது மூன்றாம் பக்கம். சுருங்கச் சொன்னால், எந்தப் பக்கம் பாதிக்கு மேல் தெரிகிறதோ அதுவே நடப்புப் பக்கம். பிறகு வந்த பல செயலிகள் இந்த விதியைத்தான் ஏதோ ஒரு வடிவில் பின்பற்றுகின்றன.

அந்த மாதிரி நிரலில் இன்னொரு நுட்பமும் இருந்தது. பயனர் புள்ளியைத் தொட்டுப் பக்கம் மாற்றினால் பட்டை நகரும். நகரும்போதே கணக்கு மறுபடி நடந்து, இன்னும் பழைய பக்கம்தான் என்று புள்ளியைப் பின்னால் தள்ளிவிடும். அதனால் புள்ளி மினுங்கும். இதைத் தடுக்க, நகர்வு புள்ளியால் தொடங்கியதா விரலால் தொடங்கியதா என்று ஒரு குறிப்பை வைத்து, புள்ளியால் தொடங்கியிருந்தால் நகர்வு முடியும்வரை கணக்கை நிறுத்திவைத்தார்கள்.

பல செயலிகள் இடறியது வேறிடத்தில். விரல் விட்டபின் பட்டை உருண்டு நின்றால் நிரலுக்கு ஓர் அறிவிப்பு வரும். நிரலே பட்டையை நகர்த்தி நிறுத்தினால் வருவது வேறோர் அறிவிப்பு. ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் செயலி மற்ற வழியில் வந்த பக்கத்தை அறியாது. கைப்பேசியைக் கிடைமட்டமாகத் திருப்பினாலும் கணக்கு பிசகும். 640 நகர்ந்து மூன்றாம் பக்கத்தில் நிற்கும் திரை 480 அகலத்துக்கு மாறினால், அதே 640 இப்போது இரண்டாம் பக்கம் என்று விடை தரும். திரை திரும்புமுன் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு, திரும்பியபின் பட்டையை அந்த எண்ணுக்கு ஏற்ப நகர்த்துவதே சரியான வழி.

ஒரு கேள்வி மூன்றாகப் பிரிந்த கதை

ஆண்ட்ராய்டில் 2011இல் வந்த வியூபேஜர் என்ற பக்க உருளி, நகர்வை மூன்று நிலைகளாகப் பார்த்தது: அசையாமல் நிற்பது, விரலோடு இழுபடுவது, விரல் விட்டபின் அமர்வது. ஆனால் 'பக்கம் தேர்வானது' என்ற அறிவிப்பு, பட்டை அமர்வதற்கு முன்பே வந்துவிடும். அந்த நொடியில் காணொளியை ஓடவிட்ட செயலிகளில் பழைய பக்கம் கண்ணில் இருக்கையிலேயே புதிய பக்கத்தின் ஒலி கேட்டது. 2014இல் வந்த ரீசைக்ளர்வியூ என்ற பட்டியல் உறுப்பு, ஓரளவாவது தெரியும் முதல் உருப்படி எது, முழுமையாகத் தெரியும் முதல் உருப்படி எது என்று இரண்டு தனிக் கேள்விகளுக்கு விடை சொன்னது. முழுமையாக எதுவும் தெரியாவிட்டால் விடை -1. நீண்ட தமிழ்ப் பத்தி ஒரே உருப்படியாகத் திரையை நிறைத்து வழியும்போது இந்த -1 அடிக்கடி வரும். எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவருக்கு இன்னும் அடிக்கடி வரும்.

2023இல் ஆண்ட்ராய்டின் இடைமுகக் கருவித்தொகுப்பான ஜெட்பேக் கம்போஸ் தன் பக்க உருளியில் மூன்று எண்களைத் தனித்தனியே வைத்தது: இப்போது நிறுத்தும் இடத்துக்கு மிக அருகில் உள்ள பக்கம், போய்ச் சேரவிருக்கும் பக்கம், கடைசியாக அமர்ந்த பக்கம். புள்ளிக்கு முதலாவது போதும். படத்தை முன்கூட்டியே இறக்கிவைக்க இரண்டாவது வேண்டும். குரலில் படிப்பதற்கும், 'பார்த்தார்' என்று பதிவு செய்வதற்கும் மூன்றாவதைத் தவிர வேறெதையும் நம்பக்கூடாது. இத்துறையின் வரலாற்றில் இந்தப் பிரிவினையே மிகப் பெரிய தெளிவு.

மரக்காணம் கடற்கரையும் நாள்வாரிப் பக்கங்களும்

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் கடற்கரையில் உப்பளமும் மீன்பிடிப்பும் அருகருகே நடக்கின்றன. பாத்தியில் உப்பு விளைந்து வாருவதற்கு முன் மழை கொட்டினால் அந்த உழைப்பு கரைந்துவிடும். மழை இன்றா நாளையா என்பதில் கூலியே அடங்கியிருக்கிறது. நாளுக்கு ஒரு பக்கமாக வானிலையைக் காட்டும் செயலியில், தெரியும் பக்கம் எந்த நாளுடையது என்பது இங்கே பெரிய கேள்வி.

இக்கடற்கரையை ஒட்டிய புதுச்சேரி வட்டாரத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் கிராம அறிவு மையங்களை நடத்தியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 'இன்று', 'நாளை' என்று குரலே சொல்லிவிடும். தவறான பக்கம் என்பதற்கு அங்கே இடமில்லை. அதே நிறுவனம் பின்னர், ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் தகவல்களைக் கொண்டு மீனவ நண்பன் என்ற கைப்பேசிச் சேவையை உருவாக்கியது. அலை உயரம், காற்று, மீன் கிடைக்கும் பகுதி, சந்தை விலை எல்லாம் தமிழில் கைக்கு வந்தன. 2020 ஜூலையில் வெளியான மத்திய அரசின் மௌசம் செயலி அடுத்த 5 நாள்களுக்கான எச்சரிக்கையை வண்ணக் குறியீட்டில் தருகிறது.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது நாள் எவ்வளவு முக்கியம் என்பது வெளிப்பட்டது. புயலாக மாறாமலே கரையேறும் என்று ஒரு கட்டத்தில் கணிக்கப்பட்டது, 29ஆம் தேதி புயலானது. 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, மறுநாள் நெடுநேரம் நகராமல் நின்று மழை கொட்டியது. முன்னறிவிப்பு ஒரே நாளுக்குள் மாறும்போது, நேற்றுத் திறந்துவைத்த பக்கம் இன்றும் 'முதல் பக்கம்' என்ற பெயரில் அப்படியே நிற்கலாம். பக்க எண் சரியாக இருக்கும். நாள் தவறாக இருக்கும். எனவே கடற்கரைக்கான செயலிகளில் பக்கத்தை வரிசை எண்ணால் அடையாளம் காண்பது போதாது. தேதியையே பக்கத்தின் அடையாளமாக வைத்து, செயலி மீண்டும் திறக்கப்படும்போதெல்லாம் அந்தத் தேதியை இன்றைய தேதியோடு ஒப்பிட வேண்டும்.

இத்தகைய செயலிகளை உருவாக்குபவர்கள் அடியில் புள்ளிகளை வைப்பதோடு நிற்காமல், ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் கிழமையையும் தேதியையும் பெரிய தமிழ் எழுத்தில் எழுத வேண்டும். பக்கம் அமர்ந்தபின் அதைக் குரலிலும் சொல்லச் செய்ய வேண்டும். அதற்குத் தேவையான நிரல் வசதிகள் அனைத்தும் இப்போது இலவசமாகவே கிடைக்கின்றன.