காலனி: ஒரு சொல்லும் மூன்று சென்ட் நிலமும்

சேலம், நாமக்கல் பக்கம் முன்பின் தெரியாத ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ ஒரு கேள்வி வரும். ‘எந்தூருங்க?’ ஊர்ப் பெயரைச் சொன்னால் அதோடு விடமாட்டார்கள். ‘ஊருக்குள்ளயா, காலனிங்களா?’ என்று அடுத்தது வரும். சாதி என்னவென்று வாய்விட்டுக் கேட்பது நாகரிகமில்லை என்று தெரிந்துகொண்டவர்கள் கேட்கிற கேள்வி இது. ‘காலனி’ என்று பதில் சொன்ன நிமிஷத்திலேயே ‘ங்க’ காணாமல் போய்விடும்.

2025 ஏப்ரல் 29 அன்று, அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், ‘காலனி’ என்ற சொல் ஆதிக்கத்தின், தீண்டாமையின் அடையாளமாக மாறிவிட்டது, அதனால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் சாதிப் பெயருள்ள தெருக்கள், குடியிருப்புகளின் பெயரை மாற்ற வழிமுறை சொல்லும் அரசாணையும் வந்தது. அறிவிப்பை வரவேற்போம். மறுப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு ஆங்கிலச் சொல் எப்படி நம் தலையில் வந்து உட்கார்ந்தது, அது உட்கார்ந்தபோது நம்மிடமிருந்து என்ன பறிபோனது என்பதையும் கேட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் சொல் போய்விடும், பறிபோனது அப்படியே இருக்கும்.

‘காலனி’ ஆங்கிலத்தில் பழைய சொல். 1380களில் விக்ளிஃபைச் சேர்ந்தவர்கள் பைபிளை ஆங்கிலத்தில் பெயர்த்தபோதே, ரோமர் குடியேறின பிலிப்பி பட்டணத்தைக் குறிக்க இந்தச் சொல் வந்துவிட்டது. மூலம் லத்தீன். ‘கொலோனுஸ்’ என்றால் உழவன், நிலத்தைப் பண்படுத்துகிறவன். ‘கொலோனியா’ என்றால் அவன் குடியேறிய ஊர். ரோமானிய அரசு போர்முடிந்த சிப்பாய்களுக்குப் புது இடத்தில் நிலம் அளந்து கொடுத்துக் குடியமர்த்திய ஊர்கள் பல கொலோனியா ஆயின. ஜெர்மனியில் இருக்கிற கொலோன் நகரத்தின் பெயரும், இங்கிலாந்தின் லிங்கன் நகரத்துப் பெயரின் பின்பாதியும் இந்தச் சொல்லின் மிச்சம்தான். ஆக, இந்தச் சொல்லுக்குள்ளே முதலில் இருந்தது உழவன். அடுத்து இருந்தது அவனுக்கு அளந்து கொடுத்த நிலம்.

உழவனுக்கு ரோமிலும் அந்த வாழ்வு நிலைக்கவில்லை. பிற்காலத்தில் கொலோனுஸ் என்றாலே பெரிய பண்ணைகளில் வாரத்துக்கு உழுகிறவன் என்று ஆனது. கி.பி. 332இல் கான்ஸ்டன்டைன் பேரரசன் போட்ட சட்டம், பண்ணையை விட்டு ஓடிப்போன கொலோனுஸைப் பிடித்துத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்றது. ஓட நினைக்கிறவனுக்கு விலங்கு பூட்டலாம் என்றும் சொன்னது. நம்மூர் பண்ணையாள் கதைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? உழுகிறவன் பெயரில் பிறந்த சொல் உழுகிறவனைக் கட்டிப்போடும் சொல்லாக மாறுவது நம் நாட்டில் மட்டும் நடந்ததல்ல.

பிறகு கடல் தாண்டிப் போன ஐரோப்பியர்கள் இந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அமெரிக்காவில் பதின்மூன்று காலனிகள். 1788இலிருந்து ஆஸ்திரேலியாவில் கைதிகளின் காலனி. 1802இல் இலங்கை முடியாட்சிக் காலனி ஆனது. இந்தியா மட்டும் அவர்கள் கணக்கில் அப்படி எழுதப்படவில்லை. லண்டனில் காலனிகளுக்கு ஒரு ஆபீஸ், இந்தியாவுக்குத் தனியாக ‘இந்தியா ஆபீஸ்’. சேலம் ஜில்லாவின் பஞ்சத்திலிருந்தும் பண்ணைக் கட்டிலிருந்தும் தப்பி இலங்கைத் தேயிலைக் காட்டுக்குப் போனவர்களில் நம் பாட்டன் பூட்டிகள் பலர். அவர்கள் போய்ச் சேர்ந்த இடத்துக்குத்தான் அரசு ஏட்டில் காலனி என்று பெயர். விட்டுவிட்டு வந்த சேரிக்கு அந்தப் பெயர் அப்போது வரவில்லை.

இன்று இந்தச் சொல் எங்கெங்கே நிற்கிறது என்று பாருங்கள். தில்லியில் ‘டிஃபென்ஸ் காலனி’ என்றால் பணக்காரர்கள் வாழ்கிற இடம். வீட்டு முகவரியிலேயே அந்தஸ்து தெரியும். சேலம் சூரமங்கலத்தில் ரயில்வே காலனி இருக்கிறது. நாமக்கல் மாவட்டத்தில் பள்ளிபாளையத்தை ஒட்டி, காகித ஆலையின் பெயரால் எஸ்.பி.பி. காலனி இருக்கிறது. தபால் முகவரியே அதுதான். தமிழ்நாட்டு டவுன்களில் என்.ஜி.ஓ. காலனி, பேங்க் காலனி, டீச்சர்ஸ் காலனி இல்லாத ஊர் குறைவு. அங்கே குடியிருப்பவர் கல்யாணப் பத்திரிகையில் ‘காலனி’ என்று கூச்சமில்லாமல் அச்சடிப்பார். உயிரியல் பாடப் புத்தகத்தைத் திறந்தால் எறும்புக்கும் பாக்டீரியாவுக்கும்கூட காலனி உண்டு.

சொல் ஒன்றுதான். பேங்க் காலனிக்காரரை யாரும் ‘காலனிக்காரன்’ என்று சொல்வதில்லை. முன்னால் அடைமொழி எதுவும் இல்லாமல் மொட்டையாகக் ‘காலனி’ என்றால் அது நாம் மட்டும்தான். காலனி டேங்க், காலனி சுடுகாடு, காலனிப் பசங்க. ஒரு பொதுச்சொல் ஒரு சாதியின் பெயராகிவிட்டது. இதைச் செய்தது ஆங்கிலமல்ல.

யார் செய்தது என்று தெரிய, இதற்கு முன்னால் இருந்த சொல்லைப் பார்க்க வேண்டும். ‘சேரி’ நல்ல தமிழ்ச் சொல். சேர்ந்து இருக்கிற இடம், அவ்வளவுதான். கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலை ஜனநாயகம் என்று மேடைதோறும் புகழ்கிறார்கள். பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட அந்த ஊரில் முப்பது குடும்பும் பன்னிரண்டு சேரியும் இருந்ததாக அதே கல்வெட்டு சொல்கிறது. பார்ப்பனர் குடியிருந்த இடமும் அன்றைக்குச் சேரிதான்! நூறு வருஷம்கூட ஆகவில்லை, ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகளில், வரி நீக்கிய இடங்களின் பட்டியலில் கம்மாணசேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று தனித்தனியாக வருகிறது. ‘தீண்டா’ என்ற சொல்லைக் கல்லிலேயே வெட்டியாகிவிட்டது. கடைசியில் பார்ப்பனச் சேரி அக்கிரகாரமாயிற்று. கம்மாணசேரி தெருவாயிற்று. ‘சேரி’ என்ற மொட்டைச் சொல் நமக்கு மட்டும் மிஞ்சியது. காலனிக்கு இப்போது நடந்திருப்பது சேரிக்கு ஏற்கெனவே நடந்ததுதான். நம் பக்கம் அருந்ததியர் குடியிருப்புக்குச் சொல்கிற ‘வளவு’ம் இப்படித்தான். வளவு என்றால் வீடுகள் சேர்ந்த இடம் என்றே பொருள். முன்னால் சாதிப் பெயர் ஒட்டியதும் வசவாகிவிட்டது.

சொல்லுக்கு அழுக்கு சொல்லிலிருந்து வருவதில்லை. அது யார் மேல் போர்த்தப்படுகிறதோ அவர்களை ஊர் வைத்திருக்கிற நிலையிலிருந்து வருகிறது.

இனி காலனிக்கு வருவோம். 1792இல் திப்புவிடமிருந்து பாராமகாலும் சேலமும் கம்பெனிக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இந்த நிலத்தை அளந்தார்கள். ரயத்துவாரி முறையின் தொட்டில் இது என்று வரலாற்றுப் பாடத்தில் பெருமையாகப் படிக்கிறோம். ரயத்து என்றால் யார்? கிஸ்தி கட்டுகிறவன். ஏர் பிடித்தவன் அல்ல, கவலை ஓட்டியவன் அல்ல. கிஸ்தி கட்டியவன் பெயருக்குப் பட்டா, உழுதவனுக்குக் கூழ். பின்னால் மிட்டாதார்கள் வந்தார்கள், போனார்கள். பண்ணையாள் மட்டும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமன்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றி எழுதிய குறிப்பும், அதைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணையும்தான் பஞ்சமி நிலத்தின் தொடக்கம். 1920 வாக்கில் சென்னை மாகாண அரசு தாழ்த்தப்பட்டவர்களைப் பாதுகாக்க ஒரு அதிகாரியைப் போட்டு, அந்தப் பதவிக்கு ‘லேபர் கமிஷனர்’ என்று பெயர் வைத்தது. சாதியைச் சொல்ல வெட்கப்பட்ட அரசு ‘லேபர்’ என்றது. அந்த லேபர் இலாகாவின் முக்கிய வேலைகளில் ஒன்று மனைக்கட்டு வாங்கிக் கொடுப்பது. குடிசை நிற்கிற மண்ணே மிராசுதாரனுடையது, கூலி கூடக் கேட்டால் குடிசையைப் பிரித்துக்கொண்டு ஓட வேண்டும் என்றிருந்த தஞ்சாவூரில்தான் முதலில் அந்த வேலை முனைப்பாக நடந்தது. அதுவும் இனாமாக அல்ல, விலையைத் தவணையில் கட்டச் சொன்னார்கள். அப்படி இருந்தும் அது பெரிய விஷயம். நிற்கிற இடம் தன் இடம் என்றானால் வாய் திறக்கலாம் அல்லவா?

அரசு நமக்குக் கட்டிய குடியிருப்புகளோடுதான் ‘காலனி’ வந்தது. 1922இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் பறையர், பஞ்சமர் என்பதற்குப் பதில் ஆதிதிராவிடர் என்று அரசு எழுதத் தொடங்கியது. 1930களில் காந்தி ‘ஹரிஜன்’ என்றார். 1949இல் லேபர் இலாகாவிலிருந்து பிரித்து ஹரிஜன நலத்துறை உண்டானது. 1974இல் நமக்கு வீடு கட்ட என்றே தாட்கோ வந்தது. பறைச்சேரி போய் ‘அரிசன காலனி’ வந்தது. பிறகு ‘ஆதிதிராவிடர் காலனி’. நம் பெரியவர்கள் அந்தச் சொல்லை ஆசையாகத்தான் ஏற்றுக்கொண்டார்கள். இங்கிலீஷ் சொல், டவுன்காரன் சொல், சாதி வாசனை இல்லாத சொல். ‘சேரியில இருந்து காலனிக்கு வந்துட்டோம்’ என்று சொன்னபோது அவர்கள் குரலில் ஒரு நிமிர்வு இருந்தது. அதைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் கொடுத்தது என்ன? கிராமத்தில் மூன்று சென்ட். அதுவும் ஊரைத் தாண்டி, பாறையோ ஓடைக்கரையோ ஏரி மேடோ எது கிடைத்ததோ அது. அந்த மூன்று சென்ட்டுக்கும் ஊர் நிலம் தர மறுத்தது. 1978இல் ஹரிஜன நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்கத் தனிச் சட்டமே போட்டார்கள். நிலக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். உயர்நீதிமன்றம் சட்டம் செல்லாது என்றது. உச்சநீதிமன்றம் வரை போய்த்தான் அதன் பெரும்பகுதி பிழைத்தது. மனைக்கட்டு கிடைத்தது, உழ நிலம் கிடைக்கவில்லை. பஞ்சமி நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் பெரும்பங்கு இன்று யார் கையில் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். 1994 அக்டோபரில் காரணைப் பஞ்சமி நிலத்துக்காகப் போராடி, செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள்.

அண்ணல் அம்பேத்கர் கேட்டது இதுவல்ல. 1942இல் நாகபுரியில் கூடிய அகில இந்தியத் தாழ்த்தப்பட்டோர் மாநாடு, சாதி இந்துக்களின் ஊரிலிருந்து பிரிந்த தனிக் கிராமங்கள் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற அறிக்கையில் அம்பேத்கர் அதை இன்னும் தெளிவாக எழுதினார். குடியமர்த்த ஒரு ஆணையம் வேண்டும், அரசின் தரிசு நிலத்தில் தனிக் கிராமங்கள் வேண்டும் என்றார். ஊரின் கூலிப் பிடியிலிருந்து விடுபட்டு நிலத்தோடு வாழ்கிற கிராமம் அவர் கேட்டது. யோசித்துப் பாருங்கள், கொலோனியா என்ற சொல்லின் பழைய பொருளும் அதுதானே? நிலத்தோடு குடியேற்றம்.

அவர் நிலத்தோடு கேட்டார். இவர்கள் நிலத்தை உருவிக்கொண்டு பெயரை மட்டும் கொடுத்தார்கள். ஊரிலிருந்து பிரித்தார்கள், ஆனால் ஊரை நம்பியே கூலிக்குப் போகும்படி வைத்தார்கள். தனியாக இருப்பதன் இழிவு நமக்கு, அதன் சுதந்திரம் நமக்கில்லை. இதுதான் தமிழ்நாட்டுக் காலனி.

நம் அறிவுஜீவிகளையும் இங்கே கேட்க வேண்டியிருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேலாகச் சிறுபத்திரிகைகளில் ‘காலனியம்’, ‘பின்காலனியம்’ என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். வெள்ளைக்காரன் போனதும் காலனி முடிந்துவிட்டதா, மனத்தில் இருக்கிறதா என்று விவாதிக்கிறார்கள். மனத்திலெல்லாம் தேட வேண்டாம் தோழர், பஸ் ஏறி வாருங்கள். ஊர் எல்லை முடிகிற இடத்தில் கல் நட்டுப் பெயர் எழுதி வைத்திருக்கிறது. 2024 மே மாதம் ஓமலூருக்கு அருகில் தீவட்டிப்பட்டியில், மாரியம்மன் கோவில் திருவிழாவில் வழிபட உரிமை கேட்டதற்கே கலவரம் நடந்தது, கடைகள் எரிந்தன. ஊர் வேறு காலனி வேறு என்பது எந்தச் சொல்லாடலுக்குள் அடங்கும்?

சரி, இப்போது சொல்லை எடுக்கிறார்கள். எடுக்கட்டும். ‘நகர்’ என்று வைப்பார்கள், தலைவர் பெயர் வைப்பார்கள், பூவின் பெயர்கூட வைப்பார்கள். நிலை மாறாவிட்டால் சேரி பட்ட பாட்டை அந்தப் பூவும் படும். ‘ஊருக்குள்ளயா, மல்லிகை நகருங்களா?’ என்று கேட்க எத்தனை நாள் ஆகும்?

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, இதை இயக்கத் தோழர்கள் கவனிக்க வேண்டும். ‘ஹரிஜன காலனிக்கு’ என்று ஆர்ஜிதம் செய்த நிலம், காலனிச் சுடுகாட்டுப் பாதை, காலனிக் கிணறு, எல்லாம் பழைய ஏடுகளில் அந்தப் பெயரில்தான் இருக்கின்றன. பட்டா கையில் கிடைக்காதவர்களுக்கு, ஆக்கிரமிப்பை எதிர்த்து வழக்குப் போடுகிறவர்களுக்கு அந்த எழுத்துதான் சாட்சி. போர்டில் பெயரை அழியுங்கள். ஏட்டில் அழிக்காதீர்கள். புதுப் பெயருக்குப் பக்கத்தில் பழைய பெயரும் சர்வே எண்ணும் நிற்க வேண்டும். பெயர் மாற்றத் தீர்மானம் போடுகிற கிராம சபையிலேயே மூன்று கணக்குக் கேளுங்கள். இந்தக் குடியிருப்புக்கு எடுத்த மொத்த நிலம் எவ்வளவு? அதில் பட்டா கிடைத்தது எத்தனை குடும்பத்துக்கு? இந்தக் கிராமத்தில் பஞ்சமி நிலம் எந்த சர்வே எண்ணில் இருக்கிறது, அதை இப்போது யார் உழுகிறார்கள்?

இவற்றுக்குப் பதில் வாங்கிக்கொண்டு பெயரை மாற்றுவோம். உழவனின் பெயரிலிருந்து பிறந்த சொல் உழவனுக்கு நிலம் தராமலே போகிறதென்றால், போகிறபோதாவது அது கணக்கு ஒப்படைத்துவிட்டுப் போகட்டும்.