தோட்டத்துக்கு வராத வாக்குப் பெட்டி

கெடா மக்கள் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் வாக்களிக்கிறார்கள். குப்பை, கால்வாய், தெருவிளக்கு ஆகியவற்றைக் கவனிக்கும் மன்ற உறுப்பினரை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. முன்பு அப்படியல்ல. 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுன் முதல் ஊராட்சித் தேர்தலைக் கண்டது. 1952ஆம் ஆண்டுச் சட்டம் புதுக்கிராமங்களுக்கும் சிற்றூர்களுக்கும் மன்றங்களைத் தந்தது. தீபகற்பத்தில் ஒரு கட்டத்தில் 374 ஊராட்சி அமைப்புகள் இருந்தன.

அந்தக் கணக்கில் தோட்டம் எங்கே? பெரும்பாலும் வெளியேதான். தோட்டம் தனியார் நிலம். பாதை போடுவதும் குழாய் வைப்பதும் துரையின் பொறுப்பு. பீடோங்கிலோ பாடாங் செராயிலோ லயத்துக் கூரை ஒழுகினால் தொழிலாளி கிராணியிடம் சொல்வார், கிராணி துரையிடம் சொல்வார். தொழிலாளர் இலாகா அதிகாரி வந்து பார்ப்பதுண்டு. அவர் வாக்குக் கேட்டு வந்தவர் அல்லர். பட்டணத்துக்காரருக்கு மன்றம் இருந்தது, தோட்டத்துக்காரருக்குத் துரைதான் மன்றம்.

1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி, ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அப்போதைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அலோர்ஸ்டார் மண்ணின் மைந்தர். கூலிமில் மாவட்ட அதிகாரியாக இருந்தவர். தேர்தல் திரும்பும் என்றே அன்று சொல்லப்பட்டது. அதே 1965இல் செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. நம்மவர் ஒருவர் தலைமையேற்ற அந்த ஆணையம், மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களே வேண்டும் என 1968இல் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை.

1973ஆம் ஆண்டின் தற்காலிகச் சட்டமும் 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டமும் பழைய சிறு மன்றங்களைக் கலைத்து, பெரிய மாவட்ட மன்றங்களாக இணைத்தன. ஏறக்குறைய அதே வேளையில், 1974இல், பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலும் கிராமப்புற மாவட்ட மன்றங்கள் கலைக்கப்பட்டன. அங்கே எல்லைதான் மாறியது. புதிய மன்றத்துக்கும் மக்களே வாக்களித்தார்கள். இங்கே எல்லையோடு வாக்கும் போயிற்று. தலைவரையும் 8 முதல் 24 வரையிலான உறுப்பினர்களையும் மாநில அரசே நியமிக்கிறது.

பின்னர் ரப்பர் மரங்கள் சாய்ந்தன. சுங்கைப்பட்டாணியைச் சுற்றித் தாமான்கள் எழுந்தன. தோட்டத்தை விட்டு வந்த குடும்பம் முதன்முறையாக மன்றத்துக்கு மதிப்பீட்டு வரி கட்டியது. வரி ரசீது கிடைத்தது, வாக்குச் சீட்டு கிடைக்கவில்லை.

மூடா ஆற்றின் அக்கரையில் பினாங்கு, 2012இல் தனிச் சட்டம் இயற்றித் தேர்தலை மீட்க முயன்றது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு இடமில்லை என்றது. கெடாவின் மன்ற உறுப்பினர்கள் இன்றும் நியமனத்தால்தான் வருகிறார்கள்.