வெப்சைட் ஓடுச்சு, பேங்க் விழுந்துச்சு

1980-களில் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான சேமிப்பு வங்கிகள் கவிழ்ந்தன. அதனால் 1989-ல் அரசு ஒரு புது கண்காணிப்பு அமைப்பை உருவாக்கியது: ஆபீஸ் ஆஃப் த்ரிஃப்ட் சூப்பர்விஷன், சுருக்கமா ஓடிஎஸ்.

1995-ல் 'செக்யூரிட்டி ஃபர்ஸ்ட் நெட்வொர்க் பேங்க்' இன்டர்நெட்டிலேயே வங்கி நடத்த இந்த ஓடிஎஸ்தான் அனுமதி கொடுத்தது. 1999 ஜனவரியில் ஒரு விதியும் வந்தது. பணம் அனுப்புற வசதியோட ஒரு சேமிப்பு வங்கி வெப்சைட் தொடங்கணும்னா, 30 நாள் முன்னாடியே எழுத்துல தெரிவிக்கணும்னு அது சொன்னது. கோடு எழுதுற எனக்கு இது நியாயமாத்தான் படுது.

ஆனா 2007 செப்டம்பரில் ஆன்லைன் வங்கியான 'நெட்பேங்க்'கை ஓடிஎஸ்ஸே இழுத்து மூடியது. ஹேக்கர் யாரும் உள்ளே வரலை. வீட்டுக் கடன்களைச் சரியா ஆராயாம கொடுத்ததுதான் அதைச் சாய்ச்சது. அரசுக் காப்பீடு அப்போ 1,00,000 டாலர் வரைக்கும்தான். அதுக்கு மேல போட்டவங்க பணம் மாட்டிக்கிச்சு.

அடுத்த வருஷமே ஓடிஎஸ் பார்வையில் இருந்த வாஷிங்டன் மியூச்சுவலும் விழுந்தது. 2011-ல் ஓடிஎஸ்ஸையே கலைச்சுட்டாங்க.

ஆப் பாதுகாப்பானதான்னு கேட்கிறோம், சரி. உள்ளே போற நம்ம பணம் யாருக்குக் கடனாப் போகுதுன்னும் யாராவது கேட்கணும்ல?