பதவியும் அமானிதமும்: கனடாவின் முதல் முஸ்லிம் அமைச்சர்

பதவி என்பது அமானிதம் என்று பேசும்போது நாம் பெரும்பாலும் கலீஃபாக்களின் வாழ்வையே சான்றாகக் காட்டுகிறோம். நமக்கு நெருங்கிய காலத்திலும் படிப்பினை தருவோர் உண்டு. அவர்களுள் ஒருவர் கனடாவின் அல்பெர்ட்டா மாகாணத்தைச் சேர்ந்த லாரி ஷாபென்.

1935ஆம் ஆண்டு, லெபனானிலிருந்து குடியேறிய முஸ்லிம் மரபில் அவர் பிறந்தார். அப்போது கனடா நாட்டில் தொழுகைக்கென எழுப்பப்பட்ட பள்ளிவாசல் ஒன்றுகூட இல்லை. 1938 டிசம்பரில்தான் அம்மாகாணத் தலைநகரான எட்மன்டனில் அல் ரஷீத் பள்ளிவாசல் திறக்கப்பட்டது. ஹில்வி ஹம்தூன் என்னும் பெண்மணியும் தோழியரும் மேயரிடம் சென்று நிலம் கேட்டனர். கடைகடையாக ஏறி இறங்கி நிதி திரட்டினர். கிறிஸ்தவர்களும் யூதர்களும்கூட மனமுவந்து வழங்கினர். திருக்குர்ஆனின் ஆங்கில மொழிபெயர்ப்பால் நாம் நன்கறிந்த அப்துல்லாஹ் யூசுஃப் அலீ அவர்கள் அத்திறப்பு விழாவில் கலந்துகொண்டார்.

ஷாபென் வடபகுதியிலுள்ள ஹை பிரெய்ரி என்னும் சிற்றூரில் கடை நடத்தினார். அவ்வூர் மன்ற உறுப்பினராகவும் பணியாற்றினார். அங்கு முஸ்லிம்கள் மிகச் சிலரே. ஆயினும் தம்மோடு அன்றாடம் பழகிய கடைக்காரரை மக்கள் நம்பினர். 1975இல் மாகாணச் சட்டமன்றத்திற்கு அவரைத் தேர்ந்தெடுத்தனர். 1979இல் அவர் அமைச்சரானார். கனடாவில் அமைச்சர் பொறுப்பேற்ற முதல் முஸ்லிம் அவரே.

1984 அக்டோபர் 19 இரவு. எட்மன்டனிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த அவருடைய சிறிய விமானம் ஹை பிரெய்ரியை நெருங்கும் வேளையில் காட்டில் விழுந்து நொறுங்கியது. விமானியுடன் சேர்த்து அதிலிருந்தோர் பத்துப் பேர். ஆறு பேர் மாண்டனர். எதிர்க்கட்சித் தலைவர் கிராண்ட் நாட்லியும் அவர்களுள் ஒருவர். உயிர் பிழைத்த நால்வர்: விமானி, காவலர், அவர் அழைத்துச் சென்ற கைதி, அமைச்சர் ஷாபென்.

மூக்குக்கண்ணாடியை இழந்த ஷாபெனுக்குப் பார்வை தெளிவில்லை. சிதைவில் சிக்கியிருந்த காவலரைக் கைதியே வெளியே இழுத்துக் காப்பாற்றினார். நெருப்பு மூட்டி அணையாது காத்தவரும் அவரே. கடுங்குளிரில், மறுநாள் மீட்புக் குழு வரும்வரை நால்வரும் அந்நெருப்பைச் சூழ்ந்திருந்தனர். நாட்டையாளும் அமைச்சரின் உயிரைக் காக்க, சமூகம் இழிவாகக் கருதும் ஒரு கைதியை அல்லாஹ் காரணமாக்கினான். அவ்விரவில் எவருடைய பதவியும் எவருக்கும் பயன்படவில்லை.

ஷாபென் மீண்டும் பணிக்குத் திரும்பினார். 1989இல் அரசியலிலிருந்து விலகியபின், முஸ்லிம்களுக்கும் பிற சமயத்தாருக்கும் இடையே நல்லுறவு வளர உழைத்தார். 2008இல் மறைந்தார்.

நம் மஹல்லாக்களிலும் வார்டு உறுப்பினராகவும் ஜமாஅத் நிர்வாகியாகவும் தேர்ந்தெடுக்கப்படுவோர் உள்ளனர். சாக்கடை அடைப்பும் தெருவிளக்கும் அற்பமான வேலைகள் என அவர்கள் எண்ண வேண்டா. சிற்றூரில் பெற்ற நம்பிக்கையே ஷாபெனைச் சட்டமன்றம் வரை கொண்டு சென்றது. பொறுப்பு சிறிதாயினும் பெரிதாயினும் மறுமையில் கேள்வி உண்டு. தெருவில் நாம் முகம் கொடுத்துப் பேசாத மனிதரிடமே நாளை நாம் தேவையுடையோராய் நிற்கக்கூடும்.

அமானிதத்தைப் பேணி நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.