கான்சர்ட் இன் த கார்டன் (இசைத்தொகுப்பு)

கான்சர்ட் இன் த கார்டன் (தோட்டத்தில் ஒரு கச்சேரி) என்பது அமெரிக்க ஜாஸ் இசையமைப்பாளர் மரியா ஷ்னைடர் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட இசைத்தொகுப்பு ஆகும். கடைகளில் விற்கப்படாமல் இணையம் வழியாக மட்டுமே விற்பனையாகி, கிராமி விருது பெற்ற முதல் இசைத்தொகுப்பு இது. பதிவு நிறுவனம் எதையும் சாராமல், இரசிகர்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டி இது உருவாக்கப்பட்டது. அந்த வகையில் இசை வெளியீட்டு வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு.

பின்னணி

மரியா ஷ்னைடர் 1960ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள விண்டம் என்ற சிற்றூரில் பிறந்தார். ஈஸ்ட்மன் இசைக் கல்லூரியில் முதுகலைப் பட்டம் பெற்று நியூயார்க் சென்றார். அங்கே புகழ்பெற்ற இசையமைப்பாளர் கில் எவன்சுக்கு உதவியாளராக இருந்தார். பாப் புரூக்மேயரிடமும் பயின்றார். பின்னர் சொந்த இசைக்குழுவை அமைத்தார். 1993 முதல் 1998 வரை நியூயார்க்கின் விசியோன்ஸ் என்ற அரங்கில் அக்குழு திங்கட்கிழமைதோறும் வாசித்தது. அவருடைய இவனெசன்ஸ் (1994), கமிங் அபவுட் (1996), அலெக்ரெஸ் (2000) ஆகிய தொகுப்புகளை என்ஜா என்ற ஜெர்மானியப் பதிவு நிறுவனம் வெளியிட்டது.

செலவும் உரிமையும்

ஷ்னைடரின் குழுவில் 17, 18 பேர் வாசிப்பர். ஒரு தொகுப்பைப் பதிவுசெய்ய அத்தனை பேருக்கும் ஊதியம், ஒத்திகைச் செலவு, பெரிய ஒலிப்பதிவுக்கூடத்தின் வாடகை, ஒலிக்கலவை, அச்சு என்று செலவு நீண்டுகொண்டே போகும். பதிவு நிறுவனங்களின் வழக்கமான ஒப்பந்தத்தில், முதலில் செலவு கழிக்கப்பட்ட பிறகே கலைஞருக்குப் பங்கு கிடைக்கும். மூல ஒலிப்பதிவின் உரிமையும் பெரும்பாலும் நிறுவனத்திடமே தங்கிவிடும். குறைவாக விற்கும் ஜாஸ் போன்ற இசையில், செலவு கழிந்து கலைஞர் கைக்குப் பணம் வருவது அரிது.

1999இல் நாப்ஸ்டர் வந்தபின் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. பாடல் கோப்புகளை யாரும் யாருக்கும் இலவசமாக அனுப்ப முடிந்தது. குறுந்தகட்டு விற்பனையை மட்டும் நம்பியிருப்பது கடினமாயிற்று.

ஆர்ட்டிஸ்ட்ஷேர் முறை

இச்சூழலில் பிரையன் கமேலியோ என்பவர் ஆர்ட்டிஸ்ட்ஷேர் என்ற இணையத்தளத்தை உருவாக்கினார். அவர் எண்ணம் எளிமையானது. முடிந்துபோன ஒலிப்பதிவை யாரும் நகலெடுக்கலாம். அது உருவாகும் காலத்தையும் அனுபவத்தையும் நகலெடுக்க முடியாது. ஆகவே இசை உருவாகும் பாதையையே இரசிகர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்றார்.

2003இல் அத்தளத்தின் முதல் திட்டமாக ஷ்னைடரின் தொகுப்பு அறிவிக்கப்பட்டது. 9.95 டாலர் கட்டியவர், வெளியானதும் முதலில் தரவிறக்கிக் கேட்பவர்களில் ஒருவராகலாம். 250 டாலரோ அதற்கு மேலோ அளித்தவர்களின் பெயர் தொகுப்புடன் வரும் கையேட்டில் அச்சாகும். ஓர் இரசிகர் 10,000 டாலர் அளித்து நிர்வாகத் தயாரிப்பாளராகக் குறிக்கப்பட்டார். இசையமைப்பாளருடன் விருந்துண்ணவும் அழைக்கப்பட்டார். மொத்தம் ஏறத்தாழ 1,30,000 டாலர் திரண்டது. இசையமைப்பு, கலைஞர் ஊதியம், ஒலிப்பதிவு, விளம்பரம் ஆகிய எல்லாவற்றுக்கும் அத்தொகை பயன்பட்டது. பதிவின் உரிமை ஷ்னைடரிடமே இருந்தது.

இங்கே விளம்பரமும் விற்பனையும் வேறுவேறாக நடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பணி நடக்கும்போதே இரசிகர்கள் அதைப் பின்தொடர்ந்தனர். தொகுப்பு வெளிவரும் முன்பே அதற்காகக் காத்திருக்கும் கூட்டம் உருவாகியிருந்தது.

இசை

பிரேசில் நாட்டு இசையின் சாயலும் ஸ்பெயினின் பிளமெங்கோ தாளங்களும் இத்தொகுப்பில் ஜாஸுடன் கலந்துள்ளன. மூன்று பகுதிகளாலான திரீ ரொமான்சஸ், நீண்ட படைப்பான புலெரியா, சொலெயா இ ரும்பா ஆகியவை குறிப்பிடத்தக்கவை. தலைப்பு, மெக்சிகோ கவிஞர் ஒக்டாவியோ பாஸின் கவிதை ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. பாஸ் 1962 முதல் 1968 வரை இந்தியாவில் மெக்சிகோவின் தூதராக இருந்தவர். அவருடைய அக்கவிதையின் துணைத்தலைப்பு 'வீணையும் மிருதங்கமும்' என்பதாகும். நம் கச்சேரி மேடையின் இரு கருவிகள் ஸ்பானியக் கவிதை வழியாக ஓர் அமெரிக்க ஜாஸ் தொகுப்பின் பெயருக்குப் பின்னணியாக அமைந்துள்ளன.

விருதும் பின்விளைவும்

2005ஆம் ஆண்டு கிராமி விழாவில் சிறந்த பெரிய ஜாஸ் இசைக்குழுத் தொகுப்புக்கான விருதை இது வென்றது. பொதுமக்களிடம் சிறுகச் சிறுக நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளம் தொடங்கியது அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2009இல்தான். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் தேசியப் பட்டியலில் இத்தொகுப்பையும் 2020இல் சேர்த்தது.

ஷ்னைடர் பின்னரும் இவ்வழியிலேயே தொடர்ந்தார். ஆனால் நகலெடுப்புச் சிக்கல் அவரை விடவில்லை. 2014இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் தோன்றி, அனுமதியின்றி ஏற்றப்படும் பதிவுகளை ஒவ்வொரு தளமாகத் தேடி நீக்கச் சொல்லும் சுமை முழுவதும் கலைஞர் தலையில் விழுவதை எடுத்துரைத்தார். பெருந்தரவு நிறுவனங்களின் ஆதிக்கத்தையே கருவாகக் கொண்ட அவரது டேட்டா லார்ட்ஸ் (2020) இரண்டு கிராமி விருதுகளைப் பெற்றது.

மதிப்பீடு

இம்முறை எல்லோருக்கும் எளிதில் கைகூடுவதன்று. பணம் கேட்பதற்கு முன் ஷ்னைடருக்கு மூன்று தொகுப்புகளும், வாரந்தோறும் மேடையேறிய ஐந்து ஆண்டுகளும், அவர் பெயரை அறிந்த இரசிகர்களும் இருந்தனர். தொகுப்பை உருவாக்குபவரே கணக்கரும் விற்பனையாளருமாக வேண்டியிருக்கிறது. இசையமைக்கும் நேரத்திலிருந்தே அதற்கான நேரத்தை எடுக்க வேண்டும். எனினும் தன் இசைக்குத் தானே உரிமையாளராக இருந்துகொண்டு, பெரிய குழுவுக்கும் ஊதியம் அளித்து, உயர்ந்த தரத்தில் வெளியிட முடியும் என்பதை இத்தொகுப்பு நடைமுறையில் காட்டியது.