ஆவண அறையில் வாழ்ந்த பெஸ்ஸி

1890 கோடையில் ஒரு ரயில் பயணத்தின்போது பெஸ்ஸி டேஷியலின் வலது கை இரண்டு இருக்கைகளுக்கு நடுவே சிக்கி நசுங்கியது. சின்னக் காயம்தான், ஆனால் வீக்கம் வடியவில்லை, வலி நாளுக்கு நாள் ஏறியது. அடிபட்டதால் புற்றுநோய் வந்தது என்று சொல்ல முடியாது. அந்த அடி கையின் மேல் கவனத்தைத் திருப்பியது, அவ்வளவே. இலையுதிர் காலத்தில் நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற 28 வயது அறுவை மருத்துவரிடம் அவளை அழைத்துச் சென்றார்கள். படித்து முடித்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த அவர், முதலில் ஏதோ தொற்று என்றே எண்ணினார். கீறிப் பார்த்தபோது சீழ் இல்லை. பிறகுதான் அது சார்க்கோமா, அதாவது எலும்பு போன்ற தாங்குதிசுக்களில் தோன்றும் புற்றுநோய், என்று தெரிந்தது. நவம்பரில் முழங்கைக்குக் கீழே கையை எடுத்தார்கள். நோய் அதற்குள் உடலெங்கும் பரவிவிட்டது. 1891 ஜனவரி 23 அன்று அவள் இறந்தாள். வயது 17.

அந்தக் காலத்தில் இப்படி இறந்த இளம் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களின் பெயர்கள் குடும்பக் கல்லறையோடு நின்றுவிட்டன. பெஸ்ஸியின் பெயர் மட்டும் புற்றுநோய் மருத்துவ வரலாறுகளில் இன்றும் வருகிறது. எண்ணெய்ச் செல்வந்தரின் மகன் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியருக்கு அவள் நெருங்கிய தோழி என்பதைத்தான் பலர் இதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. பணக்காரத் தோழமை ஒரு பெயரைப் பாதுகாக்கும். அந்த மரணத்தை ஒரு கேள்வியாக்கி நூற்றாண்டு தாண்டி எடுத்துச் செல்ல அது போதாது. அந்த வேலையைச் செய்தவை மருத்துவமனையின் பழைய ஏடுகள், அவற்றைப் புரட்டும் பொறுமை கொண்ட இரண்டு தலைமுறை மனிதர்கள். இறந்த பிள்ளையை நினைத்திருப்பதில் இதைவிட உறுதியான வழி எனக்குத் தெரியவில்லை.

கோலி தன் தோல்வியை எடுத்துக்கொண்டு நேராக நியூயார்க் மருத்துவமனையின் நோயாளிப் பதிவேடுகளுக்குள் போனார். சார்க்கோமா வந்தவர்களின் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தவருக்கு ஒரு விசித்திரம் கிடைத்தது. ஸ்டைன் என்ற ஜெர்மானியக் குடியேறியின் கழுத்தில் பெரிய கட்டி, பலமுறை அறுத்தும் திரும்ப வளர்ந்தது, கைவிட வேண்டிய நிலையில் அவருக்கு எரிசிபெலஸ் என்னும் தோல் தொற்று கண்டு கடுங்காய்ச்சல் அடித்தது, கட்டி கரைந்துபோனது. எழுதி வைத்தவர்கள் அதற்கு மேல் யோசிக்கவில்லை. கோலி ஏழை ஜெர்மானியர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்புகளில் தேடி அலைந்து அந்த மனிதரைக் கண்டுபிடித்தார். ஏறக்குறைய ஏழாண்டுகள் கழித்தும் கட்டி திரும்பவில்லை. 1891 மே மாதம், பெஸ்ஸி இறந்து நான்கு மாதம்கூட ஆகாதபோது, தொண்டைக் கட்டியால் விழுங்கக்கூட முடியாதிருந்த ஜோலா என்ற இத்தாலியருக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை ஊசியால் செலுத்தத் தொடங்கினார். பல மாத முயற்சிக்குப் பிறகு தொற்று வலுத்தது, கட்டி கரைந்தது. அவர் மேலும் எட்டாண்டுகள் போல வாழ்ந்தார். உயிருள்ள கிருமியால் வேறு சில நோயாளிகள் இறந்ததால் கோலி, கொல்லப்பட்ட கிருமிகளின் கலவைக்கு மாறினார். 1893 ஜனவரியில் அதை முதலில் பெற்ற நோயாளி, வயிற்றில் பெருங்கட்டியோடு வந்த 16 வயதுப் பையன். பெஸ்ஸி இறந்தபோது இருந்த வயதைவிட ஒரு வயது குறைவு. அவன் பிழைத்து, நடுவயது வரை வாழ்ந்து, மாரடைப்பில் இறந்தான்.

இது பின்னால் கோத்துச் சொன்ன கதை என்று ஒரு மறுப்பு உண்டு. ஜெர்மனியில் வில்ஹெல்ம் புஷ் 1868 அளவிலேயே எரிசிபெலஸ் தொற்றால் கட்டி சுருங்குவதைக் கவனித்திருந்தார். ஃபெலைசன் 1880களில் கிருமியையே பிரித்து நோயாளிகளிடம் சோதித்தார். ஆகவே பெஸ்ஸி இல்லாவிட்டாலும் யாராவது அங்கே வந்து சேர்ந்திருப்பார்கள் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அவர்கள் இருவரின் முயற்சியும் தொடரவில்லை; கோலி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் விடாமல் நின்றார். ஜனவரியில் ஒரு மரணம், அதே ஆண்டு மே மாதத்தில் ஊசி என்ற தேதிகளின் நெருக்கம் தற்செயலாகத் தோன்றவில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது. கோலியின் ஆதாரம் பலவீனமானது: ஒப்பிட்டுப் பார்க்கும் குழு இல்லை, கலவை இடத்துக்கு இடம் வேறுபட்டது, நோய் கண்டறிந்ததே சில சமயம் ஐயத்துக்குரியது. மெமோரியல் மருத்துவமனையில் அவரோடு பணியாற்றிய நோய்க்குறியியல் அறிஞர் ஜேம்ஸ் யூவிங் கோலியின் முறையை நம்பவில்லை. எக்ஸ் கதிரும் ரேடியமும் கணிக்கக்கூடிய பலன் தந்தன. அன்றைய நிலையில் யூவிங் பக்கம் நியாயம் இருந்தது. 1936இல் கோலி இறந்தபோது அவருடைய முறையும் மங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஆவணம் மறுபடி பேசியது. கோலியின் மகள் ஹெலன் கோலி நாட்ஸ் மருத்துவம் படித்தவர் அல்லர். தந்தையின் காகிதங்களைப் பிரித்தவர், ஏறத்தாழ ஆயிரம் நோயாளிகளின் வரலாறுகளைச் சேர்த்து ஒழுங்குபடுத்தினார். 1953இல் அவர் தொடங்கிய புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகத்துக்கு முதல் பணமாக 2,000 டாலர் கொடுத்தவர் நெல்சன் ராக்ஃபெல்லர், பெஸ்ஸியின் தோழருடைய மகன். 1965இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் கோலியின் மருந்தை நிரூபிக்கப்படாத முறைகளின் பட்டியலில் வைத்தது; பத்தாண்டு கழித்து நீக்கியது. காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு மருந்தாக 1990இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. உடலின் எதிர்ப்பாற்றல் மீதுள்ள தடையை விடுவிக்கும் வழியைக் காட்டிய ஆலிசனுக்கும் ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. கோலியின் கலவை இவற்றுக்கு நேர் மூதாதை அல்ல. எதிர்ப்பாற்றலைப் புற்றுநோய்க்கு எதிராக எழுப்ப முடியும் என்ற நம்பிக்கை அணையாமல் இருந்ததில் அந்த ஏடுகளுக்குப் பங்கு உண்டு.

இந்த நினைவில் ஒரு குறையும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பெஸ்ஸியின் வலி எப்போது கூடியது, கை எப்போது எடுக்கப்பட்டது என்று தெரிந்த அளவுக்கு, அவள் எதற்குச் சிரித்தாள், என்ன படித்தாள் என்பது வரலாற்று நூல்களில் இல்லை. ஸ்டைன், ஜோலா இருவரின் நிலை இன்னும் மோசம். தங்கள் உடலையே சான்றாகத் தந்த அந்த ஏழைக் குடியேறிகள், பெஸ்ஸியின் கதையில் துணைப்பாத்திரங்களாகிவிட்டார்கள். பெஸ்ஸியைப் பற்றி எழுதும் ஒவ்வொருவரும் அவர்களையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அவளுக்கு வந்தது போன்ற எலும்புப் புற்றுநோயில் இன்று இளம் பிள்ளைகள் பிழைப்பது பெரும்பாலும் 1970களுக்குப் பின் வந்த கீமோதெரபியாலும் அறுவை சிகிச்சையாலும்தான். மற்றப் புற்றுநோய்களில் வியப்பூட்டும் புதிய எதிர்ப்பாற்றல் மருந்துகள் எலும்பு சார்க்கோமாவில் இதுவரை பெரிதாகக் கைகொடுக்கவில்லை. ஒரு மருந்து மட்டும் கோலியின் பாதைக்கு மிக அருகில் நிற்கிறது. கிருமியின் உறைச்சுவரில் உள்ள ஒரு பொருளை ஒத்துச் செயற்கையாக ஆக்கப்பட்ட மிஃபாமுர்டைட், குழந்தைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் இளைஞர்களுக்கும் வரும் ஆஸ்டியோசார்க்கோமாவில், அறுவைக்குப் பின் கீமோதெரபியோடு சேர்த்துக் கொடுக்க 2009இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. கோலி வாழ்ந்த அமெரிக்கா, சான்று போதவில்லை என்று அதற்கு ஒப்புதல் தரவில்லை.