சுர்ப்பி: மேய்ப்பர் வாயிலிருந்து பொமரேனியன் வாய்க்கு

கிழக்கு நேபாளத்தில் தாப்லேஜுங், பாஞ்ச்தர், இலாம் மலைப்பகுதிகளில் கோடை வந்துவிட்டால் மேய்ப்பர்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு மேலே ஏறிவிடுவார்கள். 3,000 மீட்டருக்கு மேல் புல் செழிப்பாக இருக்கும்; சாலைதான் இருக்காது. யாக் என்னும் சடை எருமைக்கும் மலைப்பசுவுக்கும் பிறந்த ‘சௌரி’ அங்கே முக்கியமான கறவை. பால் நிறையக் கிடைக்கும், வாங்க ஆள் கிடையாது. வெண்ணெய் எடுத்தால் கீழே சுமந்துபோய் விற்கலாம். கடைந்தபின் மிஞ்சுகிற மோரை என்ன செய்வது? அந்தக் கேள்விக்கு மலைக்காரர்கள் கண்டுபிடித்த பதில்தான் சுர்ப்பி.

நம் ஊரில் மோர் மிஞ்சினால் மோர்க்குழம்பு. அங்கே அதைக் காய்ச்சுகிறார்கள். சூடு ஏற ஏற மோர் திரிந்து, கட்டி தனியாகவும் நீர் தனியாகவும் பிரியும். கட்டியைத் துணியில் மூட்டை கட்டி, நீர் வடியத் தொங்கவிட்டு, பிறகு மேலே பாறாங்கல்லை ஏற்றி இரண்டொரு நாள் அழுத்தி வைப்பார்கள். கடைசிச் சொட்டு நீரும் வெளியேறியபின் பட்டை பட்டையாக வெட்டி, அடுப்புக்கு மேலே புகை படுகிற இடத்தில் வாரக்கணக்கில் காயவிடுவார்கள். சில இடங்களில் சிறு கட்டிகளாக நறுக்கி, நூலில் கோத்து மாலையாகத் தொங்கவிடுவதும் உண்டு. டார்ஜிலிங், சிக்கிம் கடைத்தெருக்களில் இந்த மாலைகளை இன்றும் பார்க்கலாம்.

காய்ந்து முடிந்ததும் அது பாலில் பிறந்த பண்டம் என்று நம்புவது கஷ்டம். கொழுப்பு வெண்ணெயோடு போய்விட்டது. பால் சர்க்கரையில் பெரும்பகுதி வடிந்த நீரோடு போய்விட்டது. மிஞ்சியது கேசின் என்னும் பால் புரதமும் கொஞ்சம் தாது உப்பும்தான். நீர் வற்றிய கேசின் இறுகினால் கொம்பு மாதிரி ஆகிவிடும், ஆண்டுக்கணக்கில் கெடாது. மேய்ப்பர் ஒரு துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு மணிக்கணக்கில் நடப்பார். எச்சிலில் ஊறிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அது கரையும். பசி அடங்கும், வாயும் வறண்டு போகாது. சீக்கிரம் தீராமல் இருப்பதுதான் அதன் பெருமை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் நாய்க் கதையின் நல்லதும் கெட்டதும் இதில்தான் இருக்கிறது.

2000-களில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் குடியேறிய நேபாளிகள் சிலர் இந்தப் பண்டத்தை நாய்கள் கடிப்பதற்கான பொருளாகச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே நாய் வளர்ப்பவர்கள் அந்த நேரத்தில் மாற்று தேடிக்கொண்டிருந்தார்கள். பல்லாண்டுகளாகக் கடைகளில் கோலோச்சியது தோல் பதனிடும் தொழிலின் மிச்சமான மாட்டுத்தோல் துண்டு. அது ஊறினால் வழவழப்பாகிப் பெரிய துண்டாகத் தொண்டைக்குள் இறங்கிவிடும். குடலில் கிடந்து உப்பும். நாற்றம் இல்லாத, கறை படியாத, பால், எலுமிச்சைச் சாறு, உப்பு தவிர வேறெதுவும் சேராத ஒரு பொருள் வந்ததும் பிடித்துக்கொண்டார்கள். இன்று நேபாளம் ஆண்டுக்கு 100 கோடி நேபாள ரூபாய்க்கு மேல் இதை ஏற்றுமதி செய்கிறது. பெரும்பகுதி போவது அமெரிக்காவுக்கு. தேவை பெருகியதால் சௌரிப் பாலோடு அடிவாரத்துப் பசும்பாலும் சேர்கிறது. ‘யாக் மில்க்’ என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்தால் விவரம் தெரிந்துவிடும்.

மனிதனின் பயணச் சோறு நாய்க்குப் போவது இது முதல் தடவையும் அல்ல. 1860 வாக்கில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர், கப்பல்காரர்களின் கல் பிஸ்கட்டைத் துறைமுக நாய்கள் தின்பதைப் பார்த்துத்தான் நாய் பிஸ்கட் வியாபாரத்தில் இறங்கினார் என்று சொல்வார்கள்.

சரி, நம் வீட்டுப் பொமரேனியனுக்கும் ஷீ ட்ஸூவுக்கும் இது ஆகுமா? சிறிய இன நாய்களுக்குத்தான் ஈறு நோய் அதிகம் வருகிறது. சின்னத் தாடையில் 42 பற்களும் நெருக்கியடித்து நிற்பதால் காரை சீக்கிரம் படிகிறது. அதனால் கடிக்க ஏதாவது கொடுப்பது நல்லதுதான். ஆனால் நாய்ப் பல்லின் எனாமல் நம் எனாமலைவிட மெலிது. கடினமான பொருளைப் பக்கவாட்டில் வைத்து நொறுக்கப் பார்க்கும்போது மேல் தாடையின் பெரிய கடைவாய்ப்பல் சில்லாகப் பெயர்ந்து வருவதைக் கால்நடைப் பல் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். அவர்கள் சொல்லும் சோதனை எளிது: கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது பதிய வேண்டும். காய்ந்த சுர்ப்பி பெரும்பாலும் இதில் தேறாது. மான்கொம்பும் தேறாது. வேகவைத்து விற்கும் எலும்பு இன்னும் மோசம். எலும்புத் தீனியால் சுமார் 90 நாய்கள் நோயுற்றதாகவும் அவற்றில் 15 இறந்ததாகவும் தனக்கு வந்த புகார்களை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-ல் வெளியிட்டது.

மேய்ப்பர்கள் சுர்ப்பியைக் கடிப்பதில்லை, ஊறவைக்கிறார்கள். நாய்க்கும் அந்த வழிதான் சரி. நக்கி, கரண்டித் தின்கிற நாய்க்குத் தாராளமாகக் கொடுக்கலாம். கடைவாயில் வைத்து உடைக்கிற நாய்க்கு வேண்டாம். பால்பல் குட்டிக்கும் பல் ஆடும் கிழநாய்க்கும் வேண்டவே வேண்டாம். துண்டு நாயின் வாயைவிடப் பெரிதாக இருக்கட்டும். முழுசாக வாய்க்குள் போகுமளவுக்குத் தேய்ந்ததும் வாங்கிவிடுங்கள். அந்த மிச்சத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டு மைக்ரோவேவில் சில விநாடிகள் வைத்தால், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, துண்டு பொரிபோல உப்பிவிடும். நன்றாக ஆறியபின் கொடுத்தால் பல்லுக்கு ஆபத்து குறைவு. என்னைக் கேட்டால், சின்ன நாய்க்கு ஆரம்பத்திலேயே இப்படிப் பொரித்துக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

அளவும் முக்கியம். 5 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 350 கலோரி போதும். தின்பண்டம் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சுர்ப்பிக் கணக்கில் அது ஏறக்குறைய 10 கிராம். பத்துப் பதினைந்து நிமிடம் கடிக்கவிட்டு, துடைத்து எடுத்து வையுங்கள். அந்த நேரம் முழுக்க நீங்கள் பக்கத்தில் இருங்கள்.